ஏப்ரல் 13-ல திருச்சியும் இருக்கு சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பத்திரிகையில தினமும் வர்ற 'வரலாற்றில் இன்று' பகுதியை விடாம படிக்கிற ஆளு நான். ஏப்ரல் 13 அன்னிக்கு ஜாலியன் வாலாபாக் பத்தி போட்டிருந்தீங்க, சரிதான், அது கண்டிப்பா வரணும். ஆனா அதுக்குக் கீழ எந்தெந்த நாட்டு நடிகருக்கெல்லாமோ பிறந்தநாள் போட்டுட்டு, அதே ஏப்ரல் 13-ல 1930-ல திருச்சியிலேருந்து ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து கிளம்பினாரே, அதுக்கு ஒரு வரி கூட இல்ல. டெல்டாக்காரனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

ரெண்டும் ஒரே தேதியில வந்தது சும்மா தற்செயல் இல்லைங்க. 1919 மார்ச்சுல காந்தி மெட்ராஸ்ல ராஜாஜியோட தங்கியிருந்தப்பதான், ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு பூரா கடையடைப்பு பண்ணலாம்ங்கிற யோசனை அவருக்கு ராத்திரி தூக்கத்துல தோணிச்சு, காலையில எழுந்ததும் ராஜாஜிகிட்டதான் அதைச் சொன்னார். அந்த ஹர்த்தால் ஏப்ரல் 6-ல நடந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை, ஏப்ரல் 13, பைசாகிங்கிற பஞ்சாப் பண்டிகை அன்னிக்கு அமிர்தசரஸ் ஜாலியன் வாலாபாக்ல பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் சுடச் சொன்னான், பத்து நிமிஷத்துல 1,650 ரவுண்டு, அரசாங்கக் கணக்குப்படியே 379 பேர் செத்தாங்க (ஜனங்க சொன்ன கணக்கு அதைவிட ரொம்ப அதிகம்). அதுக்கப்புறம் காங்கிரஸ்காரங்க வருஷா வருஷம் ஏப்ரல் 6-லேருந்து 13 வரைக்கும் தேசிய வாரம்னு கொண்டாட ஆரம்பிச்சாங்க. 1930-ல காந்தி தண்டியில உப்பு எடுத்தது அந்த வாரத்தோட முதல் நாள், ராஜாஜி திருச்சியில கிளம்பினது அதோட கடைசி நாள். அந்த வருஷம் தமிழ் வருஷப் பிறப்பும் அன்னிக்குத்தான். இன்னொண்ணு, 1919 காலண்டரும் 1930 காலண்டரும் அச்சு அசலா ஒண்ணு, 1930-லயும் அது ஞாயித்துக்கிழமைதான்! இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் வேணா தற்செயல்னு சொல்லிக்கலாம்.

திருச்சி கண்டோன்மெண்ட்ல டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டுலேருந்து கிட்டத்தட்ட நூறு பேர் கிளம்பினாங்க. திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு சுத்திப் போன பாதை, சுமார் 240 கிலோமீட்டர். அப்ப தஞ்சாவூர் கலெக்டரா இருந்த தார்ன், இவங்களுக்கு சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில்னு மிரட்டி நோட்டீஸ் விட்டார். நம்மாளுங்க என்ன பண்ணினாங்க தெரியுமா, சோத்துப் பொட்டலத்தைக் கட்டி ரோட்டோர மரக்கிளையில தொங்க விட்டுட்டு நைசா நகர்ந்துட்டாங்க, ஆத்து மணல்ல அண்டாவையே புதைச்சு வச்ச ஊரும் உண்டு. யார் போட்டாங்கன்னு போலீஸ் யாரைப் போய்ப் பிடிக்கும்? வேதாரண்யத்துல வைரப்பன்னு ஒரு முடிதிருத்துற தொழிலாளி, பாதி ஷேவிங்ல ஆளு போலீஸ்னு தெரிஞ்சதும் மீதியைப் பண்ண மாட்டேன்னுட்டார், அதுக்காக ஜெயிலுக்கும் போனார். இடம் கொடுத்து ஏற்பாடெல்லாம் பண்ணின வேதரத்தினம் பிள்ளை ஜெயிலுக்குப் போனதோட சொத்தையும் இழந்தார். இதெல்லாம் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கே தெரியல சார், தண்டின்னா உடனே பதில் சொல்றாங்க, ராஜாஜி உப்பு அள்ளின அகஸ்தியம்பள்ளின்னா முழிக்கிறாங்க.

தேதியிலயும் ஒரு குழப்பம் இருக்கு, சில இடத்துல 13-ன்னு போடுறாங்க, சில இடத்துல 30-ன்னு. கிளம்பினது 13, வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது 28, அகஸ்தியம்பள்ளியில உப்பு அள்ளி ராஜாஜி கைதானது 30. ஒரே நாள்ல எல்லாத்தையும் திணிக்காம மூணு தேதிக்கும் தனித்தனியா ஒவ்வொரு வரி போடலாமே.

அடுத்த வருஷம் ஏப்ரல் 13-க்கு அமிர்தசரஸையும் திருச்சியையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, ஏப்ரல் 6-க்கு தண்டியோட, மெட்ராஸ்ல யோசனை பிறந்த அந்த ஹர்த்தாலையும் சேர்த்துக்கோங்க. இடம் பத்தலைன்னா அந்த நடிகர் பிறந்தநாள்ல ரெண்டை எடுத்துடலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
மன்னார்குடி வாசகர் ஒருவர்