சைக்கிளுக்கு ஹெட்லைட் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்தால் கோவையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. கூடவே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். சரவணம்பட்டியில் வேலை முடிந்து சத்தி ரோட்டில் திரும்புகிறவர்கள், பேரூர், தொண்டாமுத்தூர் பக்கம் வீடு உள்ளவர்கள், விடியுமுன் பேப்பர் போடக் கிளம்பும் பிள்ளைகள் என்று பலரும் லைட் கேட்டு வரும் காலம் இது. வந்ததும் முதலில் கேட்பது, "இதுல எத்தனை லூமன்ஸுங்க?" என்பதைத்தான். கடையில் கூட்டம் இருக்கும்போது இதற்கு முழுப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் எழுதுகிறோம்.

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி ரோட்டில் விழுகிறதா, வேப்பமரக் கிளையில் விழுகிறதா, எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. ஓர் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்லும் அளவுக்கு லக்ஸ் என்று பெயர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் கால் பங்காகக் குறைந்துவிடும்: 5 மீட்டரில் 40 லக்ஸ் தரும் விளக்கு 10 மீட்டரில் 10 லக்ஸ்தான் தரும். ஒளியை ரோட்டின் மேல் சரியாகக் குவிக்கும் லென்ஸ் உள்ள 400 லூமன் விளக்கில் பள்ளம் தெளிவாகத் தெரியும். நாலா பக்கமும் ஒளியை இறைக்கும் 1000 லூமன் விளக்கில் அதே பள்ளம் கிட்டே போகும்வரை தெரியாமல் போகலாம்.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும் என்பது உங்கள் வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கிறீர்கள். பள்ளத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை வினாடி போய்விடும் என்று வைத்தால் அதிலேயே 10 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 8 மீட்டராவது வேண்டும். ஆகமொத்தம் 18 மீட்டர். மழையில் இன்னும் கூடுதல். நிதானமாக 15 கிலோமீட்டரில் போகிறவருக்கு இதில் பாதி போதும். வேகமாகப் போகிற பையன்களுக்கு நல்ல விளக்கு வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஒளியின் வடிவம். எங்களைக் கேட்டால், விளக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். சந்தையில் கிடைக்கும் விளக்குகளில் பெரும்பாலானவை டார்ச் லைட் போல வட்டமாக ஒளி வீசுகின்றன. வட்டத்தின் மேல்பாதி ரோட்டில் விழாது, எதிரே வருகிறவர் முகத்தில் விழும். ஜெர்மனியில் சாலைப் போக்குவரத்து விதியே இதைத் தடுக்கிறது: சைக்கிள் விளக்கின் ஒளி எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கக் கூடாது, மினுக்கும் முன் விளக்கும் கூடாது. காரின் லோ பீம் மாதிரி மேல் விளிம்பு வெட்டப்பட்ட விளக்குகளை நாங்களும் வரவழைத்து வைத்திருக்கிறோம். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் எதிரே பைக்கில் வருகிறவருக்குக் கண் கூசினால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே அவருக்குத் தெரியாது. குறுகலான ரோட்டில் அது உங்களுக்குத்தான் ஆபத்து.

வட்ட ஒளி விளக்குதான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, சாய்த்து வைத்தால் சமாளிக்கலாம். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். ஒளியின் நடுப்பகுதி, விளக்கு இருக்கும் உயரத்தைவிட ஓர் அடி கீழே சுவரில் விழும்படி திருப்பி இறுக்குங்கள். ஹேண்டில்பார் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் இருந்தால், ரோட்டில் நடு ஒளி 16 மீட்டர் தூரத்தில் போய் விழும். வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

இன்னொரு விஷயம். பலர் ஹெல்மெட்டில் மாட்டும் விளக்கைக் கேட்கிறார்கள். திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் விழும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்கு அருகிலிருந்தே ஒளி போனால் பள்ளத்தின் நிழல் நமக்குத் தெரியாது, ரோடு சமமாக இருப்பது போலத் தோன்றும். தாழ்வாக, ஹேண்டில்பாரிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் விளக்குதான் சின்னக் குழிக்கும் பெயின்ட் அழிந்த வேகத்தடைக்கும் நீளமான நிழலைக் காட்டும். மழையில் இதுவும் கை கொடுக்காது. நனைந்த ரோடு கண்ணாடி போல ஒளியை முன்னால் தள்ளிவிடும், உங்கள் கண்ணுக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். தண்ணீர் நின்ற குழியும் தார் ரோடும் ஒன்று போலவே தெரியும். எந்த விளக்கு வைத்திருந்தாலும் மழை இரவில் வேகத்தைக் குறையுங்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். அட்டையில் எழுதியிருப்பதை அதிகம் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. நல்ல விளக்குகள் பலவற்றில் இருப்பது 18650 எனப்படும் லித்தியம் செல்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பாளர்கள் எட்டியிருக்கும் கொள்ளளவே 3500, மிஞ்சினால் 4000 எம்ஏஹெச்தான். அதே செல்லின் மேல் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: சரியான செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலிகள் பல அதைவிட லேசாக இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறோம், எந்தக் கடையில் வாங்கினாலும் உதவும். 3400 எம்ஏஹெச் செல் ஒன்றில் இருக்கும் ஆற்றல் சுமார் 12 வாட் ஹவர். ஒரு வாட்டுக்கு விளக்கின் வெளியே வந்து சேரும் ஒளி சுமார் 100 லூமன். ஆக, ஒரு செல்லுக்கு லூமனையும் மணி நேரத்தையும் பெருக்கினால் 1200 அளவில்தான் வர வேண்டும். 400 லூமன் என்றால் 3 மணி நேரம், 600 என்றால் 2 மணி நேரம். மிகத் தரமான விளக்கு இதைக் கொஞ்சம் தாண்டலாம். ஒற்றைச் செல் விளக்கில் "1000 லூமன், 8 மணி நேரம்" என்று போட்டிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 8000 வருகிறது. அந்த இரண்டு எண்களும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை.

அட்டையில் எப்எல்1 (டார்ச் போன்ற விளக்குகளை அளப்பதற்கான ஒரு தரநிலை) என்ற குறி இருந்தால் லூமன் எண்ணை ஓரளவு நம்பலாம். விளக்கைப் போட்டு அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் அளந்த எண் அது. ஆனால் அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கில் சேர்த்துத்தான் எத்தனை மணி நேரம் எரியும் என்று எழுதுவார்கள். அதனால் கடைசி ஒரு மணி நேரம் மங்கலாகவே எரியலாம். அப்புறம், சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் தானாகக் குறைகிறது என்று சிலர் புகார் சொல்கிறார்கள். விளக்கு சூடாகும்போது தன்னைக் காத்துக்கொள்ள அப்படிச் செய்யும், ஓடும்போது காற்றில் ஆறிவிடும். அது கோளாறு கிடையாது.

மழைக்கு, அட்டையில் ஐபிஎக்ஸ் என்ற குறியைப் பாருங்கள், விளக்கு தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் குறி அது. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும் போகிறவர்கள் ஐபிஎக்ஸ்5 அல்லது 6 பார்த்து வாங்குங்கள். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று கிளம்புமுன் அழுத்திவிடுங்கள். நனைந்த விளக்கைத் துளை காயாமல் சார்ஜில் போட வேண்டாம்.

முன்னால் கூடை உள்ள சைக்கிள்களுக்கு ஹேண்டில்பாரில் விளக்கு மாட்டினால் பாதி ஒளியைக் கூடையே மறைத்துவிடும். கூடையின் முன்பக்கம் மாட்டும் கிளாம்ப் எங்களிடம் இருக்கிறது. ஹேண்டில்பாரின் தடிமன் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், முடிந்தால் சைக்கிளோடு வாருங்கள்.

மினுக்கும் மோடு பகலுக்கு நல்லது. இரவில் வேண்டாம்: விட்டுவிட்டு எரியும் ஒளியைப் பார்த்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறீர்கள் என்று கணிப்பது எதிரே வருகிறவருக்குக் கஷ்டம், உங்களுக்கும் ரோடு தெரியாது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் முன் விளக்கு மட்டும் வாங்கிப் போகிறவர்களைக் கண்டால் எங்களுக்கு மனசு கேட்பதில்லை. தயவுசெய்து இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

தெருவிளக்கு உள்ள பீளமேடு, காந்திபுரம் போன்ற இடங்களுக்குள்ளேயே போய்வருகிறவர்களுக்கு 200 முதல் 300 லூமன் தாராளம். பேரூரைத் தாண்டிப் போகிறவர்கள் 500, 600 பார்க்கலாம். தினசரிப் பயணத்துக்கு 1000 லூமனுக்கு மேல் உள்ள விளக்குக்குச் செலவழிக்க எங்கள் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மருதமலை அடிவாரம், தொண்டாமுத்தூர் பக்கம் யானை நடமாட்டம் உள்ள ரோடுகளில் இருட்டிய பிறகு லைட்டை நம்பித் தனியாகப் போகாதீர்கள்.

மாலை ஏழு மணிக்கு மேல் கடைக்கு வந்தால், பக்கத்துச் சந்தில் விளக்கை மாட்டி ஓட்டிப் பார்த்தே வாங்கலாம். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் விளக்கையும் கொண்டு வாருங்கள். கோணத்தைச் சரிசெய்து, கிளாம்பை இறுக்கித் தருகிறோம், கட்டணம் இல்லை. சார்ஜ் நிற்காத லித்தியம் பேட்டரிகளையும் எங்களிடமே கொடுத்துவிடுங்கள், குப்பையில் போட வேண்டாம். மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடையினர்,
கோயம்புத்தூர்