வெனிஸுக்கு அரை நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கான ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரங்கள் தமிழ் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிட்டன. பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று நீளும் அந்தப் பயணத் திட்டங்களில் வெனிஸ் நகருக்குப் பெரும்பாலும் அரை நாள்தான் ஒதுக்கப்படுகிறது. கடந்த ஆண்டு முதன்முறையாக அந்தத் தீவு நகருக்குச் சென்று, தீவுக்குள்ளேயே தங்கிப் பார்த்தேன். முதல்முறை செல்லும் நம் வாசகர்கள் இந்த அரை நாள் ஏற்பாட்டை ஏற்கக் கூடாது என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சுற்றுலாப் பேருந்து த்ரொன்கெத்தோ என்னும் வாகன நிறுத்தத் தீவில் பயணிகளை இறக்கிவிடும். அங்கிருந்து படகில் புனித மார்க் சதுக்கத்தின் அருகே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். புனித மார்க் தேவாலய முகப்பு, பழைய வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜின் அரண்மனை, பெருமூச்சுப் பாலம் ஆகியவற்றின் முன் படமெடுத்துக்கொண்டு, மாலைக்குள் மீண்டும் பேருந்தேற வேண்டும். தேவாலய முகப்பின் மேல் நிற்கும் நான்கு குதிரைச் சிலைகளும் நகல்களே. 1204-இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடியபோது எடுத்துவரப்பட்ட அசல் குதிரைகள், 1797-இல் நெப்போலியனால் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1815-இல் திரும்பி வந்து, இன்று உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரிசையில் நிற்க நேரமில்லாத குழுக்கள் அவற்றைப் பார்க்காமலேயே திரும்புகின்றன.

சதுக்கத்தை விட்டுச் சற்றுத் தொலைவு நடந்தாலே கூட்டம் குறைந்து, மக்கள் வாழும் நகரம் கண்ணில் படத் தொடங்குகிறது. 'காம்போ' எனப்படும் திடல்களின் நடுவே, வேலைப்பாடு மிக்க கல்லாலான கிணற்று வாய்கள் இருக்கின்றன. சுற்றிலும் உப்பு நீர் சூழ்ந்த அந்நகரம் பல நூற்றாண்டுகள் மழைநீரையே குடித்து வாழ்ந்தது. திடலில் விழும் மழை, கல்தளத்தின் துளைகள் வழியே இறங்கி, களிமண் பூசிய குழியில் நிரப்பிய மணலில் வடிகட்டப்பட்டு, நடுவிலுள்ள கிணற்றில் சேரும். 1884-இல் தீவுக்கு வெளியே உள்ள தரைப்பகுதியிலிருந்து குழாய் நீர் வரும்வரை இந்த ஏற்பாடே ஊரைக் காத்தது. நான் அங்கே கண்டவற்றில் அரண்மனையை விடவும் இக்கிணறுகளே என்னை அதிகம் வியக்க வைத்தன.

ரியால்டோ பாலத்திலிருந்து சில நிமிட நடையில் மிலியோன் என்னும் முற்றம் இருக்கிறது. மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இப்பகுதியில்தான் இருந்தது என்பார்கள். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதைப் பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பதிவு செய்தவர் அவர். தமிழர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் இந்த இடத்தைக் காட்டாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

அரை நாள் வருகையால் நகருக்கு நேரும் கேட்டையும் சொல்லியாக வேண்டும். 1951-இல் இத்தீவு நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தனர்; 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இறங்கியது. ரியால்டோ அருகே ஒரு மருந்துக் கடை, எஞ்சியிருக்கும் மக்களின் எண்ணிக்கையைத் தன் கண்ணாடியில் காட்டிவருகிறது. குடியிருப்புகள் சுற்றுலா விடுதிகளாக மாறியதும், தரைப்பகுதியில் வேலையும் மலிவான வீடும் கிடைத்ததும், வெள்ள அச்சமும் சேர்ந்து அவர்களை வெளியேற்றின. கடல் பெருகும்போது அதைத் தடுக்க, வெனிஸைச் சூழ்ந்த கடற்கழியின் மூன்று வாயில்களிலும் அமைக்கப்பட்ட நகரும் தடுப்புகள் 2020 அக்டோபர் முதல் இயங்குகின்றன. ஆனால், காலையில் வந்து மாலையில் போகும் கூட்டத்துக்கு அப்படியொரு தடுப்பு இல்லை. அதனால்தான் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேரப் பார்வையாளர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். 2025-இல் கடைசி நேரத்தில் செலுத்துவோருக்கு அது 10 யூரோ ஆனது. அதே 2024-இல் வழிகாட்டியுடன் செல்லும் குழுக்களில் 25 பேருக்கு மேல் கூடாது என்றும், ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்றும் விதி வந்தது. இவற்றை அயலாரை விரட்டும் செயலாக நான் கருதவில்லை; வாழ இடம் கேட்கும் மக்களின் நியாயமான தற்காப்பு இது.

தீவுக்குள் தங்கச் செலவு கூடும் என்பது உண்மை. அதற்காகப் பயணத் திட்டத்தில் வேறொரு நகரைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. இரவில் பகல்நேரக் கூட்டம் வடிந்த பிறகு, வபொரெத்தோ எனப்படும் பொதுப் படகின் முதலாம் எண் தடத்தில் ஏறினால், பெருங்கால்வாய் முழுவதையும் ஒரே பயணச்சீட்டில் பார்த்துவிடலாம். கொண்டோலா என்னும் துடுப்புப் படகுச் சவாரிக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வெனிஸ் பற்றி எழுதும்போது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு, அவ்வாண்டின் கட்டண நாட்கள், குழுக்களுக்கான விதிகள், தீவுக்குள் தங்கும் வழிகள் ஆகியவற்றையும் முன்பதிவுக் காலம் முடியுமுன் வெளியிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி