விட்டுப்போன 1,314 மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வணிகக் கட்டடங்களுக்கான பசுமை வெப்ப மானியம் (புதுப்பிக்கத்தக்க எரிபொருளில் சூடாக்குவோருக்கு அரசு தரும் பணம்) பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வட அயர்லாந்துத் திட்டத்தை ‘ஊழல்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி பேட்ரிக் காக்லின் தலைமையிலான விசாரணை 2020 மார்ச்சில் தந்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. சிலர் நடந்துகொண்ட விதத்தை அது கண்டித்தது. ஆனால் திட்டம் சீரழிந்ததற்கு அமைச்சர்கள், அதிகாரிகளின் ஊழல் காரணமல்ல என்றது. பிசகு கட்டண அட்டவணையில் இருந்தது. அதை விளக்காமல் விட்டால் அடுத்த மானியத்திலும் அதே பிசகு வரும்.

2012 நவம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில், 20 முதல் 99 கிலோவாட் வரையிலான மரத்தூள் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த எரிபொருள் குச்சிகள்) பாய்லருக்கு, தரும் வெப்பத்தில் யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணிக்கு) 5.9 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு) வீதம் 20 ஆண்டுகளுக்கு உறுதி தரப்பட்டது. பெல்லட் செலவோ யூனிட்டுக்குச் சுமார் 4.4 பென்ஸ்தான். 99 கிலோவாட் பாய்லரை ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் எரித்தால் 8,67,240 யூனிட். மானியம் 51,000 பவுண்டுக்கு மேல். பெல்லட்டுக்கு 38,000 சொச்சம். காலிக் கொட்டகையைச் சூடாக்கினாலும் ஆண்டுக்கு 13,000 பவுண்டு கையில் நிற்கும்.

ஓராண்டு முன்பே பிரிட்டனில் தொடங்கிய மூலத் திட்டத்தில் இதற்குக் கடிவாளம் இருந்தது. முதல் 1,314 மணி நேரத்துக்கு, அதாவது ஆண்டில் 15 சதவீதத்துக்கு, மட்டுமே உயர் கட்டணம். 99 கிலோவாட் பாய்லருக்கு அது 1,30,086 யூனிட். அதைத் தாண்டினால் யூனிட்டுக்குச் சுமார் 2 பென்ஸ்தான். எரிபொருள் காசுகூடத் தேறாது என்பதால் வீணாக எரிக்க யாருக்கும் மனம் வராது. விதிகளில் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொண்ட பெல்ஃபாஸ்ட் (வட அயர்லாந்து அரசு), இந்தக் கட்டண அடுக்கை மட்டும் விட்டுவிட்டது.

இன்னொரு ஓட்டை 100 கிலோவாட்டில். அந்த எல்லையைத் தொட்டதும் கட்டணம் 1.5 பென்ஸாகச் சரிந்தது. எனவே ஒரு பெரிய பாய்லர் போதுமான இடத்தில் 99 கிலோவாட் பாய்லர்களை வரிசையாக நிறுத்தினார்கள். 2015 நவம்பரில் அடுக்கு முறை வரப்போகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 பிப்ரவரியில் கதவு மூடப்பட்டது. 2017 ஜனவரியில் இந்த விவகாரத்தில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, ஆட்சியே மூன்றாண்டு முடங்கியது.

அதிக நேரம் எரித்தவர்கள் எல்லோரும் ஏமாற்றியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு நாள் கோழிக்குஞ்சுக்கு 32 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கொட்டகைக்குள்ளேயே எரியும் கேஸ் பர்னர் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உள்ளேயே விடும். வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் தரைப் படுக்கை காய்ந்திருக்கும். கோழிப் பண்ணைகளுக்கு அது நியாயமான தேவை. 2019இல் கட்டணத்தைக் கடுமையாக வெட்டியபோது, கடன் வாங்கி பாய்லர் வைத்த அவர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள்.

கட்டணத்தைச் சரியாக வகுத்தாலும் மீட்டர் பொய் சொன்னால் பயனில்லை. போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு வெப்ப உணரி, அவற்றில் ஒரு குழாயில் தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் கருவி, இவற்றிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடும் பெட்டி: வெப்ப மீட்டர் என்பது இவ்வளவுதான். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 1.16 யூனிட். இரு குழாய்களுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, உணரிகள் அரை டிகிரி பிசகினால் பில்லில் 5 சதவீதம் தவறு. அதனால்தான் இரண்டையும் ஜோடியாகவே அளவு பார்த்துத் தருகிறார்கள். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். உணரியைக் குழாயின் மேல் டேப் போட்டு ஒட்டுவது கூடவே கூடாது, அதற்கான குழிக்குள் ஆழமாக இறங்க வேண்டும். உறையாமலிருக்கக் கிளைக்கால் என்ற திரவம் கலந்த தண்ணீர், வெறும் தண்ணீர் அளவுக்கு வெப்பம் சுமக்காது. வெறும் தண்ணீருக்கு அமைத்த மீட்டரை அதில் நம்பக் கூடாது.

மீட்டரை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஒரே பாய்லர் பல கட்டடங்களுக்குச் சூடு தரும்போது அதன் வாயிலேயே அளந்தால், மண்ணுக்கடியில் குழாய் இழக்கும் வெப்பத்துக்கும் அரசு காசு கொடுக்கும். ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் அளக்க வேண்டும்.

இத்திட்டத்தைப் பற்றி மீண்டும் எழுத நேர்ந்தால், அந்த 1,314 மணி நேர வரம்பையாவது வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்