15 பேர் அணியைக் கைவிடாதீர்கள்: விளையாட்டு ஆலோசனைச் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நம் பல்கலைக்கழக றக்பி அணியில் மூன்று வருடம் ஹூக்கராக, அதாவது முன்வரிசையின் நடுவில் நிற்பவனாக, விளையாடியவன். இந்தப் பருவத்தில் இதுவரை நடந்த மூன்று ஆட்டங்களையும் கோட்டோரம் நின்று பார்த்தேன். முதல் ஆட்டத்தில் படுதோல்வி. இரண்டாவதில் கடைசி நிமிடப் பெனல்டி ஒன்றால் 3 புள்ளியில் தோற்றோம். மூன்றாவதில் வென்றோம். அந்த முதல் தோல்வியையும் காயம் பற்றிய கவலையையும் காட்டி, அடுத்த வருடம் முதல் 15 பேர் அணி வேண்டாம், எழுவர் அணி மட்டும் போதும் என்று உங்கள் கூட்டத்தில் பேச்சு எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். முடிவெடுக்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

முதல் ஆட்டத்தில் நாங்கள் தோற்ற இடம் ஸ்க்ரம், அதாவது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள் சேர்த்துக் குனிந்து, எதிரெதிரே தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும் இடம். ஹூக்கருக்கு இரு பக்கமும் நிற்கும் நம் இரண்டு ப்ரொப்களில் ஒருவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, மற்றவர் மட்டக்களப்பிலிருந்து வந்தவர். கம்பஸுக்கு வந்த பிறகுதான் இருவரும் அந்த முட்டை வடிவப் பந்தைத் தொட்டார்கள். எதிரே நின்றவர்களோ பாடசாலைக் காலத்திலிருந்தே ஸ்க்ரமில் தலை கொடுத்துப் பழகியவர்கள். ஸ்க்ரமில் தோள் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது, அது விதி. நம் தம்பிமாருக்கு எதிரணி தள்ளிய முதல் நொடியிலேயே முதுகு வளைந்தது, தோள் இறங்கியது, ஸ்க்ரம் சரிந்தது. விசில், பெனல்டி, மறுபடியும் விசில். புள்ளிப் பலகையில் நீங்கள் பார்த்தது அதன் விளைவைத்தான்.

அடுத்த நாள் மாலை மைதானத்துக்குப் போனேன். நம்மிடம் ஸ்க்ரம் இயந்திரம் கிடையாது. அணித் தலைவர் இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்தி, முழங்கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்க, முதுகைப் பலகை மாதிரி வைத்து மெல்ல மெல்ல நடக்க வைத்துக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. யாரும் போகவில்லை. ஸ்க்ரம் தொடங்க நடுவர் சொல்லும் 'க்ரவுச், பைண்ட், செட்' என்ற அந்த மூன்று சொற்களுக்காகவே ஒரு மணி நேரம். பிரபல றக்பிப் பாடசாலையில் படித்தவர் அவர். நினைத்தால் தன் பயிற்சியை முடித்துவிட்டு விடுதிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் ட்ரை கோட்டிலிருந்து ஐந்து மீட்டரில் ஒரு ஸ்க்ரம் அமைந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எட்டுப் பேரும் அசையவில்லை. பந்து பின்னால் சுத்தமாக வந்தது, உதைத்து வெளியேற்றினார்கள். பிற்பாதியில், பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன்அவுட்டில் பிடித்த பந்தை, மோலாகக் கட்டி, அதாவது பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கூட்டமாகப் பிணைந்து, தள்ளிக்கொண்டே போய், எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை எடுத்தார்கள். பந்தை வைத்தது ஹூக்கர். ஆனால் தள்ளியது எல்லோரும், அந்த இரண்டு ப்ரொப்களும் சேர்த்து. ஒரு மாதத்துக்குள் இவ்வளவு தூரம் வந்த முன்வரிசையை நான் விளையாடிய காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

எழுவர் றக்பிமேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. 2016இல் ஒலிம்பிக்குக்கே போன ஆட்டம் அது. ஆனால் பாதிக்கு ஏழு நிமிடம், ஸ்க்ரமில் மூன்றே பேர், ஓட்டக்காரர்களுக்கான ஆட்டம். நம் கம்பஸில் அந்த ஏழு இடமும் கொழும்பு, கண்டிப் பாடசாலைகளில் விளையாடி வந்தவர்களுக்கே போகும். தவறில்லை, அவர்கள் திறமைசாலிகள். குட்டையும் பருமனுமான பிள்ளை, நெட்டையான பிள்ளை, மெதுவாக ஓடினாலும் விடாமல் தள்ளுகிற பிள்ளை, இவர்கள் எல்லோருக்கும் இடம் இருப்பது 15 பேர் ஆட்டத்தில்தான்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1879இல் கொழும்பில் முதல் றக்பிக் கழகம் தொடங்கியது. அப்புறம் மலைநாட்டில் தோட்டத் துரைமார் தரவளையிலும் ராதெல்லயிலும் விளையாடினார்கள். அப்படியொரு மைதானத்தில் புல் வெட்டியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். பந்து கோட்டுக்கு வெளியே வந்தால் எடுத்துக் கொடுப்பாராம், அவ்வளவுதான். நான் படித்த தமிழ்ப் பாடசாலையில் றக்பிப் பந்தே இல்லை. எனக்கு அந்தக் கதவைத் திறந்தது இந்தக் கம்பஸ்.

காயம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதை மறுக்க மாட்டேன். பயிற்சி இல்லாத முன்வரிசையை இறக்குவது ஆபத்து. அதனால்தான் விதியிலும் கணக்கு இருக்கிறது. 16 முதல் 18 பேர் கொண்ட அணியில் நான்கு முன்வரிசை வீரர்கள் வேண்டும், 19 முதல் 22 வரை என்றால் ஐந்து. நம்மிடம் இப்போது பயிற்சி பெற்றவர்கள் நான்கு பேர். சரி, ஐந்தாவது ஆள் தயாராகும் வரை 18 பேரை மட்டும் பதிவு செய்யுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் சென்டர் இடத்தில் ஆடும் நம் வீரருக்குத் தலையில் அடிபட்டது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியேற வேண்டும், அன்று திரும்ப இறங்கக் கூடாது. தலைவரே அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார். மைதானத்தில் மருத்துவர் இல்லை, முதலுதவிக்காரரும் இல்லை. ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நீங்கள் கூட்டம் போட்டுப் பேச வேண்டியது இதைத்தான். நம் மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு முதலுதவிக்காரரும் ஒரு வாகனமும் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நம் மைதானத்திலேயே ஆட்டம். முடிவெடுக்கும் முன் ஒருமுறை வாருங்கள். மேடையில் உட்கார வேண்டாம், கோட்டோரம் வந்து என்னோடு நில்லுங்கள். முதல் ஸ்க்ரம் அமையும்போது பந்தை விட்டுவிட்டு, ஒன்றாம் இலக்க ஜெர்சி போட்ட ப்ரொப் தம்பியின் முதுகைப் பாருங்கள்.

அன்புடன்,
பழைய ஹூக்கர் ஒருவன்