எந்த ரப்பர் என்று பாக்கெட்டில் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் கலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கார் இன்ஜினைத் தாங்கி, அதன் அதிர்வு பாடிக்கு ஏறாமல் தடுக்கும் மவுண்டிங் ரப்பரை மாற்றப் போகிறவர்களுக்கும் அதைச் செய்து விற்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

உதிரிபாகக் கடையில் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கு, ரொம்ப நாள் வரும்" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். தவறு. நான்கு சிலிண்டர் இன்ஜின், வண்டி நிற்கும்போது ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால், நொடிக்கு 25 தடவை அதிர்வு எழும். அது பாடிக்கு ஏறாமல் இருக்க வேண்டுமானால், மவுண்டிங் மேல் இன்ஜின் தானாக ஆடும் வேகம் அதற்கு வெகு கீழே, நொடிக்கு 10-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ரப்பர் கெட்டிப்பட்டால் அந்த வேகம் ஏறி, இந்த இடைவெளி சுருங்கும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் நடுங்கும். அதற்காக மிருதுவாக்கிக்கொண்டே போகவும் முடியாது. தொய்ந்த மவுண்டில் உட்கார்ந்த இன்ஜின், கிளட்ச்சை விடும்போதெல்லாம் இடிக்கும்.

அதிர்வை விழுங்கும் ரப்பர்தானே வேண்டும், பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரைப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் செய்யும் கணத்திலும் பள்ளத்தில் இறங்கும்போதும் அது உதவும். நெடுஞ்சாலையில் எழும் வேகமான சிறு அதிர்வுகளுக்கோ அது விறைத்துக்கொண்டு இரைச்சலை உள்ளே விடும். பாரம் சுமந்து நாளடைவில் அமுங்கியும் போகும். இயற்கை ரப்பர் அந்த அளவுக்கு விறைப்பதில்லை. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாகி, விரிசல் பரவாமல் தடுக்கும். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கிறார்களே, அந்த ரப்பர்தான் பெரும்பாலான மவுண்டுகளுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

இயற்கை ரப்பருக்கு ஆகாதவை சூடும் ஆயிலும். 80–90 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வெந்தால் நாள்பட வெடிக்கும். ரப்பரை இறுக்கச் சேர்க்கும் கந்தகத்தைக் குறைத்து, அந்த வினையை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் என்ற ரசாயனத்தைக் கூட்டிய கலவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சூடு மிகுந்த டர்போவை ஒட்டிய மவுண்டுக்கு இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பொருந்தலாம், ஆனால் அதற்கும் ஆயில் பகை. ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பருக்கு அதிர்வைத் தடுக்கும் நயம் குறைவு. எனவே மவுண்டின் மேல் ஆயில் சொட்டுகிறதென்றால், முதலில் கசிவை அடைத்துவிடுங்கள்; புது மவுண்ட் அதற்குப் பிறகு.

வாங்குபவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கார்பன் பிளாக் என்ற கரித்தூள் சேர்ந்தபின் எல்லா ரப்பரும் கருப்புதான். பழைய ரப்பரை மீட்டெடுத்த ரீகிளெய்மை அதிகம் கலந்தாலும் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ மீட்டரில் அதே 50 காட்ட வைக்கலாம். உழைப்பில்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் வாங்கியவர் செலவில். எந்த ரப்பர், ஷோர் ஏ கடினம் எவ்வளவு, ரீகிளெய்ம் உண்டா, தயாரித்த மாதம், ஆண்டு என்ன: இவற்றை மவுண்டிங் பாக்கெட்டில் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று தயாரிப்பாளர்களையும், அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அரசையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரப்பர் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை-53