ஆலை கேட்டுக்குள் வரும் எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 14 வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த அறைதான் என் இடம். தகடு கிழித்த கை, கண்ணில் விழுந்த இரும்புத் தூள், ராத்திரி ஷிப்டில் சாப்பிடாமல் மயங்கி விழும் பையன்கள் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அதற்கு மேல் காய்ச்சல்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். இந்த நவம்பரில் என் பதிவேட்டில் காய்ச்சல் மட்டுமே ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் எங்கள் ஆலையில் ஃப்ளூ (இன்ஃபுளுயன்சா காய்ச்சல்) தடுப்பூசி முகாம் நடந்தது. முழுச் செலவும் கம்பெனியுடையது. நல்ல காரியம், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெளியே கிளினிக்கில் போனால் ஒரு ஊசிக்கு 1,500 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால், கம்பெனி போட்டால் உண்டு, இல்லையென்றால் சொந்தப் பணம்தான்.

காலை எட்டு மணிக்கு ஊசி போடும் ஏஜென்சிக்காரர்கள் நீலநிறக் குளிர்பெட்டியோடு வந்தார்கள். நான் முதலில் தெர்மாமீட்டரைத்தான் பார்த்தேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூடினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஐஸ் பேக்கில் நேராக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் அட்டை வைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன், வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சிரிஞ்சு, அரை மில்லி, இடது தோள். போட்ட பிறகு பதினைந்து நிமிடம் பெஞ்சில் உட்கார வைத்தோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது, பட்டியலைத் தவிர.

பட்டியலில் 412 பேர் இருந்தார்கள். எல்லோரும் கம்பெனி எண் உள்ள நிரந்தரத் தொழிலாளர்களும் அலுவலகத்தாரும். ஆனால் தினமும் மூன்று ஷிப்டிலும் சேர்த்து எங்கள் கேட்டுக்குள் வருகிறவர்கள் 1,100க்கு மேல். லைனில் நிற்கும் கான்ட்ராக்ட் பிள்ளைகள், கழுவித் துடைக்கும் அம்மாக்கள், கேன்டீன்காரர்கள், செக்யூரிட்டி, ஷிப்ட் பஸ் டிரைவர்கள், ஒருவர் பெயரும் அதில் இல்லை.

முகாம் நடந்துகொண்டிருந்தபோது கேன்டீனில் பரிமாறும் ஒரு அம்மா எங்களுக்கு டீ கொண்டு வந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஜாக்கெட் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு, “எனக்கும் போடுவீங்களா சிஸ்டர்?” என்று கேட்டார். 46 வயது. எட்டு வருடமாக சுகர். மாதம் ஒரு முறை நான்தான் விரலில் குத்திப் பார்க்கிறேன். ஃப்ளூ வந்தால் நுரையீரல் வரைக்கும் இறங்கிவிடும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று கேட்டால், எந்த டாக்டரும் முதலில் சொல்லும் ஆட்களில் சுகர்காரர்களும் உண்டு. பட்டியலை மூன்று முறை புரட்டினேன். இருக்காது என்று தெரிந்தும் புரட்டினேன்.

எச்.ஆர். அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தலைமை அலுவலகம் தலைக்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்குகிறது, கான்ட்ராக்ட் ஆட்கள் கான்ட்ராக்டர் பொறுப்பு, நான் என்ன செய்ய என்றார். கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். ஒப்பந்தத்தில் ஊசி என்று ஒரு வரி இல்லையே, நான் எங்கே போய் பில் போடுவது என்று கேட்டார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

சாயங்காலம் 27 சிரிஞ்சு மிஞ்சியது. பட்டியலில் இருந்தும் வராதவர்களுடையவை. “போன வருஷம் போட்ட மறுநாளே காய்ச்சல் வந்துச்சு, வேண்டாம்” என்று சிலர் விலகிக்கொண்டார்கள். ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. அதனால் ஃப்ளூ வராது. கை வலி, ஒரு நாள் இரண்டு நாள் லேசான உடம்பு வலி, கதகதப்பு வரலாம், அவ்வளவுதான். அடுத்த வருடம் அவர்களிடம் இன்னும் பொறுமையாகப் பேச வேண்டும். ஆனால் அந்த 27 ஊசியைப் பெட்டியில் வைத்து மூடி வேனில் ஏற்றியபோது, கேன்டீன் ஜன்னல் வழியாக அந்த அம்மா அண்டா கழுவிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

நவம்பரில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் அதோடேயே வேலைக்கு வந்தார். முந்தானையால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றினார். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும். அவருக்கு நாள் கூலி. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வைத்தியம் கிடைக்கும், அதில் குறையில்லை. ஆனால் நோய்க்கால உதவித்தொகை என்பது கூலியில் 70 சதவீதம், அதுவும் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் ஒரு நாளுக்குத்தான் பணம், அதற்கும் சான்றிதழ் வாங்க நடக்க வேண்டும். காய்ச்சலோடு நடப்பதற்கு வேலைக்கே வந்துவிடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஃப்ளூவோ, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே அடுத்தவருக்குத் தொற்றும். அதற்கப்புறமும் ஐந்தாறு நாள் தொற்றிக்கொண்டே இருக்கும். மதியம் நூற்றுக்கணக்கான பேர் அவர் முன்னால் தட்டு நீட்டுகிறார்கள். ஊசி போட்டுக்கொண்ட 385 பேரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

மூன்றாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் நானே கூடப் போனேன். பரிசோதனையில் ஏ வகை இன்ஃபுளுயன்சா என்று வந்தது. ஆறு நாள் ஆக்ஸிஜன் வைத்து, சுகர் 400க்கு மேல் ஏறி இறங்கி, பிழைத்து வந்துவிட்டார். இன்னும் இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார்.

செப்டம்பரில் ஊசி போட்டிருந்தால் அவருக்கு இது வந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கிருமி வருடா வருடம் உருமாறுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் உட்கார்ந்து அடுத்த ஊசியில் எந்தெந்த வகை இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது, நாமும் வருடா வருடம் போட வேண்டியிருக்கிறது. கிருமியும் ஊசியும் நன்றாகப் பொருந்தும் வருடத்தில், டாக்டரிடம் போக வைக்கிற ஃப்ளூவை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கும். வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போகும் வாய்ப்பு குறையும். அந்த வாய்ப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

கான்ட்ராக்ட் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் நிறைய. ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். ஒருவன் எழுந்து ஷிப்டுக்குப் போனால் அதே பாயில் இன்னொருவன் படுக்கிறான். ஒருவனுக்கு வந்தால் நான்காம் நாள் அறை முழுக்க என் முன்னால் வந்து நிற்கும். ஜன்னல் மூடிய பஸ்ஸில் ஒன்றாக வருகிறார்கள், நிரந்தர ஆட்களோடு தோளோடு தோள் நின்று அதே லைனில் வேலை செய்கிறார்கள்.

எங்கள் ஆலையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தீ விபத்துப் பயிற்சி நடக்கும். சைரன் ஊதியதும் எல்லோரும் மைதானத்துக்கு ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும், தலை எண்ணுவார்கள். அங்கே யாரும் நீ கம்பெனி ஆளா, கான்ட்ராக்டா என்று கேட்பதில்லை. ஒரு தலை குறைந்தாலும் திரும்ப உள்ளே போய்த் தேடுவார்கள். கேட்டுக்குள் இருக்கிற எல்லோரையும் எண்ணும் பட்டியல் அப்படி ஒன்று செக்யூரிட்டி மேசையில் தயாராகவே இருக்கிறது. ஊசிக்கும் அதே பட்டியலை எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

செலவு கூடும், தெரியும். எல்லோருக்கும் ஒரே வருடத்தில் முடியாவிட்டால் கேன்டீன், செக்யூரிட்டி, பஸ் டிரைவர், அப்புறம் சுகர், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் என்று தொடங்கலாம். யார் யார் என்று என்னைப் போன்ற நர்ஸைக் கேட்டால் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிடுவோம். ஒப்பந்தம் போடும்போதே அதில் ஊசிக்கு ஒரு வரி சேர்த்துவிட்டால், கான்ட்ராக்டர் பில் எங்கே போடுவது என்று கேட்க மாட்டார். முகாமை பகலில் மட்டும் வைக்காமல், ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வெளியே வருபவர்களுக்கும் சேர்த்து வைக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகங்களும் மனது வைத்தால், சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு செப்டம்பரில் இந்த ஊசியையும் போட்டு அனுப்பலாம்.

செப்டம்பர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தலைமை அலுவலகம் வடக்கே இருக்கிறது. டெல்லி, புனே பக்கம் ஃப்ளூ ஜூலை, ஆகஸ்டில் ஏறும். அதைக் கணக்கிட்டு எல்லா ஆலைகளுக்கும் மே மாதமே முகாம் என்று சுற்றறிக்கை வரும். நமக்கோ வடகிழக்கு மழையோடு அக்டோபர், நவம்பரில்தான் உச்சம். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும், பிறகு மாதம் போகப் போக வலு குறையும். மே மாதம் போட்ட ஊசி நவம்பருக்குள் நன்றாகவே களைத்துவிடும். எங்கள் ஆலை டாக்டர் இரண்டு முறை கடிதம் எழுதித்தான் இங்கே செப்டம்பருக்கு மாற்றினார்கள். எழுதினால் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

எங்கள் ஆலையில் கான்ட்ராக்ட் ஒப்பந்தங்களை மார்ச் மாதம் புதுப்பிப்பார்கள். இந்த வட்டாரத்தில் வேறு பல கம்பெனிகளிலும் அப்படித்தான் என்று மற்ற நர்ஸ்கள் சொல்கிறார்கள். அந்த வரியைச் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற யாராவது ஒருவர் கண்ணில் இது பட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொழிற்சாலை நர்ஸ்,
காஞ்சிபுரம் மாவட்டம்.
(அதே ஆலையில் வேலையில் இருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)