உன் பங்குச் செபமாலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். லைன் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. "கடவுள்தான் அடைக்கலம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்தீங்களே அம்மா, ஒன்றேகால் கிலோப் பிள்ளை இத்தனை வயர்களுக்குள்ளே கிடக்குது, எங்கே அந்த அடைக்கலம்?" என்றாய். கதைத்தால் அழுதுவிடுவேன், அதுதான் எழுதுகிறேன்.

மடு மாதா கோவில் என்றால் உனக்குக் குரங்குகள்தான் ஞாபகம். பாணைப் பறித்த குரங்குக்குப் பின்னால் அழுதுகொண்டு ஓடினாய். அப்போது உனக்கு ஐந்து வயது. நாங்கள் அங்கே திருவிழாவுக்குப் போயிருக்கவில்லை, சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து போயிருந்தோம். ஆலய வளவைச் சுற்றித் தறப்பாள் கொட்டில்களில் ஆயிரக்கணக்கான சனம். சைவக்காரரும் இருந்தார்கள். மாதாவின் காலடியில் ஒன்றும் நடக்காது என்று எல்லோரும் நம்பினோம்.

1999 நவம்பர் 20 இரவு அந்த வளவுக்குள் ஷெல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள், அதில் சின்னப் பிள்ளைகளும். முதல்நாள் எனக்குப் பாதித் தேங்காய் கடன் தந்த அக்காவும் ஒருவர். உன்னைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு விடியும்வரை குப்புறக் கிடந்தேன். விடிந்ததும் பார்த்ததை எழுத மாட்டேன்.

அதன்பிறகு நான் செபமாலையைத் தொடவில்லை. அடுத்த தவக்காலம் வரைக்கும் தொடவில்லை. அம்மம்மா ஒரு சொல் ஏசவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு செபமாலை சொன்னா. ஒன்று உங்களுக்கு, மற்றது யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன். "உன்ர பங்கு. உனக்குக் கோபம் ஆறுமட்டும் நான் சொல்லுறன்" என்றா. ஆறியதா என்று கேட்டால், அந்த அக்காவை நினைக்கும்போது இப்போதும் வருகிறது. மாதா பிரார்த்தனையில் "பாவிகளின் அடைக்கலமே" என்று வருகிற இடத்தில் கோபக்காரரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மடுவின் கதை உனக்குத் தெரியும். 1670 இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையிலிருந்து சுமார் 20 குடும்பங்கள் மாதாவின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. ஞாயிறு மறைக்கல்வியில் அதை ஒரு வீரக்கதையாகத்தான் கேட்டேன். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, குருமார் அதே சுருபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனபோதுதான் எனக்கு அது விளங்கியது. மாதாவும் எங்களைப்போல இடம்பெயர்ந்தா. அதுவும் இரண்டாந்தரம்! அந்த ஓகஸ்டில் அவ திரும்பி வந்துவிட்டா. எங்கள் சனத்தில் எத்தனையோ பேருக்கு அதற்குப் பிறகும் எவ்வளவோ ஓட்டம் இருந்தது.

ஷெல் வராத இடம் ஒன்றை அவ வைத்திருக்கிறா என்றுதான் நான் நம்பியிருந்தேன். அப்படி ஓர் இடம் அவவுக்கே இருக்கவில்லை. அதைக் கண்டபிறகு அவவோடு கதைக்க எனக்கு லேசாக இருந்தது. கேட்கிறதை விட்டுவிட்டு, பக்கத்துக் கொட்டில்காரியோடு கதைப்பதுபோல அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். இப்போதும் அப்படித்தான். உன் பிள்ளையைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். மூச்சுக் குழாயை இன்னும் எடுக்கவில்லை என்று சொன்னேன். நேர்ஸ் அவனை உன் நெஞ்சோடு ஒரு மணித்தியாலம் போட்டுவைக்க விட்டா என்றும், அப்போது அவனுடைய இதயத்துடிப்பு சீராக இருந்தது என்றும் சொன்னேன்.

உன் அப்பா மடு மண் அனுப்பவா என்று கேட்கிறார். பாம்புக்கடிக்கென்று சனம் நம்பி எடுக்கிற மண் அது என்றேன், கனடா சுங்கத்தில் பிடிப்பார்கள் என்றும் சொன்னேன். கேட்டால்தானே! சின்னப் பொட்டலமாகக் கட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்.

நீ சாப்பிடு. மருமகனையும் சாப்பிடச் சொல். டொக்டர்மாரிடம் விளங்காததைத் திருப்பித் திருப்பிக் கேள், வெட்கப்படாதே. பூசைக்குப் போகவில்லை என்று யாராவது போனில் புத்தி சொன்னால், அம்மாவிடம் கேட்கச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்.

செபம் வரவில்லை என்றாயே, சரி, விடு. இன்று பின்னேரத்திலிருந்து நான் இரண்டு செபமாலை சொல்கிறேன். நீ ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிற நேரமாக இருக்கும் அது. இன்று அவனுக்கு எத்தனை கிராம் கூடியது என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடு.

அம்மா
மன்னார்